சக்கர நாற்காலியில் வாவிக்கரைக் கண்டல் காட்டுக்கு: மட்டக்களப்புக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உவர்நீர்க் கரையில் சேற்றில் வளரும் கண்டல் காட்டைப் பார்ப்பதென்றால் சேற்றில் இறங்க வேண்டும், இல்லையென்றால் தோணியில் ஏற வேண்டும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் சக்கர நாற்காலி பாவிக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், "நீங்க இரிங்க, நாங்க போய்ப் படம் எடுத்திட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். மட்டக்களப்பில் அதற்குத் தேவையே இல்லை. வடக்கே பங்குடாவெளிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதன் கரையில் எத்தனையோ இடங்களில் தார் வீதியும் கண்டல் மரங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. நாற்காலியை வீதியோரத்தில் நிறுத்திவிட்டே வேரையும் நண்டையும் மீன்கொத்தியையும் பார்க்கலாம்.

எங்கள் அக்கா சக்கர நாற்காலி பாவிப்பவர். அவரோடு போய் வந்து பழகியதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். தள்ளுபவரின் பலத்தை நம்பிப் போகிற பயணம் பாதியில் நின்றுவிடும். தரை, காலம், முன்கூட்டிய விசாரிப்பு ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் எழுபது வயது அம்மாவைக்கூடப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தள்ளிக்கொண்டு போகலாம்.

முதலில் இடம்

புதியவர்கள் நகரத்துக்குள்ளேயே தொடங்குங்கள். புளியந்தீவில் வாவியை ஒட்டி இருக்கும் காந்திப் பூங்காவில் கண்டல் காடு இல்லை. ஆனால் சமதரை உண்டு, தண்ணீர் பக்கத்தில் உண்டு, நிழல் உண்டு. 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலையும் அந்தப் பக்கம்தான். நாற்காலி புதிதாக இருந்தால், தள்ளப்போகிறவர் புதியவராக இருந்தால், ஒரு பின்னேரம் இங்கே சுற்றிப் பழகுங்கள். எவ்வளவு தூரம் போனால் களைக்கிறது, எந்தத் தரையில் முதுகு குலுங்குகிறது என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது நம்முடைய முக்கிய இடம்: பாலமீன்மடு. நகரத்திலிருந்து பார் வீதியால் அமிர்தகழிப் பக்கமாக ஏறத்தாழ 5 கிலோமீற்றர் போனால் வெளிச்சவீடு வரும். 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். தூரத்திலேயே தெரியும் என்பதால் வழி தவற வாய்ப்பில்லை. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் அருகில் இருப்பதால் இங்கே உவர்நீரும் நன்னீரும் கலந்து கிடக்கும். அதனால்தான் கண்டல் மரங்கள் செழித்து நிற்கின்றன. வீதி நெடுகலும் ஒரு பக்கம் தண்ணீர், இடையிடையே கண்டல் திட்டுகள், கரையில் கட்டிய தோணிகள். முழு 5 கிலோமீற்றரையும் நாற்காலியில் போக யாரும் சொல்லவில்லை. வாகனத்தில் வெளிச்சவீட்டுப் பக்கம் வரை போய், அங்கிருந்து ஐந்நூறு மீற்றர் போய் ஐந்நூறு மீற்றர் திரும்பினால் தாராளம். கண்டல் காட்டில் தூரம் போவதால் அதிகம் கிடைக்காது. ஓரிடத்தில் அசையாமல் இருப்பவருக்குத்தான் எல்லாம் வெளியே வரும்.

இரண்டாவது தெரிவு கல்லடியிலிருந்து டச்பார் வழியாக நாவலடிக்குப் போகும் பக்கம். ஒரு கையில் கடல், மறு கையில் வாவி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மிக மோசமாக அடித்த ஊர்களில் நாவலடியும் ஒன்று. அங்கே போகும்போது அந்த நினைவோடு போங்கள். நினைவிடங்களில் கூச்சலிட்டுப் படம் எடுக்க வேண்டாம். கடற்கரைப் பக்கம் முழுக்க மணல் என்பதால் நாற்காலி தார் வீதியை விட்டு இறங்காமல் இருப்பதே நல்லது.

அம்பாறை மாவட்டத்தில் பொத்துவில் களப்பின் கண்டல் காடு பேர்போனது. மீனவர்கள் தோணியில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் அது முழுக்க முழுக்கத் தோணிப் பயணம். ஏறும் இடமும் இறங்கும் இடமும் மணலும் சேறும்தான். முதல் பயணத்துக்கு அதைத் தெரிவு செய்யாதீர்கள். ஓந்தாச்சிமடம், பெரியகல்லாறுப் பாலங்களிலிருந்து வாவி கண்கொள்ளாமல் தெரியும். ஆனால் அது கல்முனைக்குப் போகும் பெருந்தெரு, பஸ்ஸும் லொறியும் பறக்கும். வாகனத்துக்குள் இருந்தபடி பார்க்கத்தான் சரி. 2014இல் திறந்த மண்முனைப் பாலமும் அப்படியே.

எந்த மாதம், எந்த நேரம்

நவம்பர் தொடங்கி ஜனவரி வரை இங்கே மாரி. வருடத்து மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் கொட்டும். வாவி பெருகினால் கரையோர வீதிகளில் தண்ணீர் ஏறும். முகத்துவாரத்தில் மணல் மேடு அடைத்துக்கொண்டிருந்தால், ஆற்றுவாய் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும் வரை மட்டம் இறங்காது. ஆகவே மழைக்குப் பிறகு போகிறவர்கள் "ஆற்றுவாய் வெட்டியாச்சா?" என்று பாலமீன்மடுப் பக்கத்து ஓட்டோக்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிச் சில நாள் கழிந்திருந்தால் கரை காய்ந்திருக்கும். நம் நாட்டுக் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது. அதனால் இந்த வாவியின் மட்டத்தை மழையும் ஆற்றுவாயும்தான் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன.

பெப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். மாரி முடிந்து மரமெல்லாம் பச்சையாக நிற்கும், வலசை வந்த பறவைகளும் முழுதாகத் திரும்பியிருக்காது. மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கிவிடும். வெக்கையான, வறண்ட காற்று. அந்த மாதங்களில் காலையில் மட்டும் போங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்பதுபோல் வெளிக்கிடுங்கள். எட்டரைக்கு முன்னமே திரும்பிவிடலாம். பின்னேரமென்றால் நாலரைக்கு மேல். ஆனால் இருட்டுப்படும் வரை நிற்க வேண்டாம். நுளம்பு ஒரு காரணம், முதலை இன்னொரு காரணம். முதலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெயிலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். முள்ளந்தண்டில் மேல்பகுதியில் காயம் பட்டவர்களுக்கு உடல் வியர்ப்பது குறைவு, அல்லது வியர்ப்பதே இல்லை. உடம்பு சூடேறுவது வெளியே தெரியாது. ஈரத்துணி ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொள்வதும், தண்ணீர்த் தெளிப்பான் ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் அவர்களுக்குக் கட்டாயம். நாற்காலியின் இரும்புச் சட்டமும் கைவளையமும் வெயிலில் காய்ந்து தோலைச் சுடும். நிறுத்தும்போது நிழலில் நிறுத்துங்கள். காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சுட்டது தெரியவராது.

முதல்நாள் ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும்

இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். குடும்பத்தில் ஒருவர் முதல்நாள் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போய் அந்த இடத்தைப் பார்த்துவரட்டும். படத்தில் பார்த்தாலும் போதாது. படத்தில் மணலும் கொங்கிறீட்டும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

கையோடு ஒரு கயிறு கொண்டுபோங்கள். நாற்காலியின் ஆக அகலமான இடத்தை வீட்டில் அளந்து, சக்கரத்தைத் தள்ளும் கைமுட்டிக்கு இரு பக்கமும் இடம் விட்டு, அந்த அளவில் ஒரு முடிச்சுப் போடுங்கள். பொதுவாக 90 சென்ரிமீற்றர் இருந்தால் ஒரு நாற்காலி தாராளமாகப் போகும். திரும்புவதற்கு 150 சென்ரிமீற்றர் சதுரம் வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் மோட்டார் சைக்கிள் நுழையாமல் தூண் நட்டிருந்தால் அந்த முடிச்சைத் தூணுக்கும் தூணுக்கும் இடையில் பிடித்துப் பாருங்கள். பல பாதைகள் உள்ளே நன்றாக இருந்தும் அந்தத் தூணோடே முடிந்துவிடுகின்றன.

தரைக்கு ஒரு சோதனை உண்டு. பாதணியைக் கழற்றிவிட்டுக் குதிக்காலால் தரையை ஊன்றி அழுத்துங்கள். தடம் விழாவிட்டால் எந்த நாற்காலியும் போகும். அரை அங்குலத்துக்கு மேல் குழி விழுந்தால் முன் சிறு சக்கரம் புதையும். கிறவல் வீதியென்றால் கல்லின் அளவைப் பாருங்கள். மஞ்சாடிக் கொட்டை அளவுக் கல் சமாளிக்கலாம், எலுமிச்சம்பழ அளவுக் கல் முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். வேகத்தில் வந்து அப்படி நின்றால் இருப்பவர் முன்னால் தூக்கி வீசப்படுவார்.

ஏற்ற இறக்கத்துக்கு உலகம் முழுக்கப் பாவிக்கும் கணக்கு பன்னிரண்டுக்கு ஒன்று. 10 சென்ரிமீற்றர் உயரப் படியென்றால் 120 சென்ரிமீற்றர் நீளச் சாய்தளம் வேண்டும். ஒரே ஒரு படி மட்டும் குறுக்கே இருந்தால் வீட்டிலிருந்து தடித்த பலகை ஒன்றைக் கொண்டுபோகலாம். மூன்று படி என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஆளோடு நாற்காலியைத் தூக்குவதை நான் விரும்புவதில்லை. தூக்குகிறவரின் முதுகும் போகும், தூக்கப்படுகிறவரின் மனமும் நோகும்.

அப்புறம் மலசலகூடம். கரையோரத்தில் அதற்குப் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். நகரத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடை, விடுதி எதிலாவது கதவு அகலமும் தரை மட்டமும் சரியாக இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்து, உரிமையாளரிடம் சொல்லிவைத்துவிடுங்கள். "மலசலகூடம் இல்லை, அதனால் தண்ணி குடிக்காதீங்க" என்று யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. இந்த வெக்கையில் அது ஆபத்து. தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் திரும்பி வருவதுபோல் பயணத்தைச் சுருக்குங்கள்.

அங்கே நிற்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பது எல்லா அளவைவிடவும் பெறுமதி. "அண்ணன், அங்கால ரோட்டு எப்பிடி இரிக்கி? வீல் செயார் போகுமா? முதலை வாற பக்கம் எது?" இந்த மூன்று கேள்வியும் போதும்.

நாற்காலி

பின்சக்கர ரயரில் காற்றைச் சரிபாருங்கள். வழக்கமான நாற்காலிகளின் பின்சக்கரம் 24 அங்குலம், சைக்கிள் ரியூப்தான். சைக்கிள் கடை இல்லாத சந்தி மட்டக்களப்பில் இல்லை என்பதால் ஒட்டுப்போடுவது பிரச்சினையே இல்லை. ஆனால் விடிய ஆறு மணிக்குக் கடை திறந்திருக்காது, கைப்பம்பு ஒன்று பையில் இருக்கட்டும். இரு பக்கப் பிறேக்கையும் போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அன்றைக்கே முறுக்கிச் சரிசெய்யுங்கள். கால்மிதி தாழ்வாக இருந்தால் மேட்டில் இடிக்கும், கொஞ்சம் உயர்த்திவிடுங்கள்.

மெத்தை இல்லாமல் போகவே கூடாது. குலுங்கும் தரையில் ஒரு மணி நேரம் இருந்தால், உணர்ச்சி குறைந்த உடம்பில் அழுத்தப் புண் தொடங்கிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பவோ, முன்னுக்கும் பக்கத்துக்கும் சாயவோ வேண்டும். அதைத் தள்ளுபவர் ஞாபகப்படுத்தட்டும்.

பையில் வேறென்ன? தண்ணீர், தொப்பி, நுளம்பு எண்ணெய், மெல்லிய முழுக்காற்சட்டை, ஒரு சோடிக் கையுறை, துடைக்கத் துணி, தொலைநோக்கி இருந்தால் அது. மடியில் வைக்கும் பாரம் முன்சக்கரத்தைப் புதைக்கும். பையைக் கைபிடியில் அதிகமாகத் தொங்கவிட்டால் நாற்காலி பின்னால் கவிழும். பாரத்தைத் தள்ளுகிறவர் தன் முதுகில் போட்டுக்கொள்வதே நல்லது.

ஓட்டோவில் போவது

வான் கிடைத்தால் நல்லது. ஓட்டோதான் என்றாலும் பரவாயில்லை, மடங்கும் நாற்காலி பின்னால் போகும். கால்மிதிகளைக் கழற்றி, மெத்தையை எடுத்து ஆள் இருக்கும் இடத்தில் போட்டு, அதன்மேல் அவரை இருத்துங்கள். கழற்றிய பாகங்களை ஒரே பையில் போடுங்கள், தனித்தனியாக வைத்தால் ஒன்று ஓட்டோவோடு போய்விடும். போக, நிற்க, திரும்ப எவ்வளவு என்று ஏறமுன்னமே பேசிக்கொள்ளுங்கள். நாற்காலிக்குத் தனியாகக் காசு கேட்கிற ஓட்டோவை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் பெட்டியின் படி செங்குத்தானது என்பதை மனதில் வைத்து, இறக்க இரண்டு பேரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். வந்த நாளே கண்டல் காட்டுக்குப் போக வேண்டாம். ஒரு இரவு தூங்கி எழும்பிப் போங்கள்.

ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கேஸ்வரர் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் அமிர்தகழிப் பக்கம் சனம் நெரியும், வாகனம் நகராது. கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும், கண்டல் காட்டை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில்

தள்ளுபவர் முதலில் பழக வேண்டியது இருப்பவரிடம் கேட்பது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் திரும்புவது என்பதை நாற்காலியில் இருப்பவர் தீர்மானிக்கட்டும். கேட்காமல் கைபிடியைத் தொடாதீர்கள். வழியில் தேத்தண்ணிக் கடைக்காரர் "அக்காவுக்குச் சீனி போடலாமா?" என்று என்னிடம் கேட்பார், அக்கா எனக்கு முன்னால் இருக்கும்போதே. நான் பதில் சொல்லாமல் நிற்பேன், அக்கா சொல்வார். அடுத்த தடவை அவர் அக்காவிடமே கேட்பார்.

இறக்கத்தில் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, தள்ளுபவர் முதலில் இறங்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் இருப்பவர் சறுக்கி விழலாம். மணல் திட்டு ஒன்று குறுக்கே வந்தால் முன்சக்கரத்தைச் சற்று மேலே தூக்கி, பின்சக்கரத்தில் மட்டும் உருட்டுங்கள். இல்லையென்றால் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள். முன்னோக்கித் தள்ளத் தள்ளப் புதைவதுதான் நடக்கும்.

நிறுத்துவது எப்படி என்பது மிக முக்கியம். தண்ணீரைப் பார்த்தபடி நேராக நிறுத்தவே கூடாது. கரைக்குச் சமாந்தரமாக, பக்கவாட்டில் நிறுத்தி, இரு பிறேக்கையும் போட்டு, சக்கரத்தடியில் ஒரு கல்லும் வையுங்கள். பிறேக் நழுவினாலும் நாற்காலி வீதியோடுதான் உருளும், வாவிக்குள் போகாது. தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், தண்ணீர் நன்றாகவே தெரியும்.

முதலை மட்டக்களப்பு வாவியில் உண்டு. பயந்து வீட்டில் இருக்கத் தேவையில்லை, ஆனால் தண்ணீர் விளிம்பிலிருந்து சில மீற்றர் தள்ளியே நில்லுங்கள். கையைக் காலைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம். மீன் கழிவு கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். இருட்டுப்பட்டால் கிளம்புங்கள்.

என்னத்தைப் பார்ப்பது

கண்டல் காட்டில் பார்க்க வேண்டியதில் பாதி முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கிறது. நின்று பார்க்கிறவர்கள் குனிய வேண்டும், நாற்காலியில் இருப்பவருக்கு அது கண்ணுக்கு நேரே. அக்கா கண்டுபிடித்துக் காட்டியவற்றைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் வேர். கண்டல் காட்டில் பல வகை மரங்கள் உண்டு. அதில் கண்ணா என்ற மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு நூற்றுக்கணக்கில் குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். அவை முளைகள் என்று நினைத்து மிதிக்கிறார்கள். அவை மூச்சு வேர்கள். இந்தக் கரும் சேற்றுக்குள் காற்றுப் போகாது. கூழ்முட்டை நாற்றம் அடிப்பதும் அதனால்தான். வேர் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். பக்கத்தில் தண்டிலிருந்து வில்லாக வளைந்து இறங்கிப் பல கால்களில் நிற்பதுபோல் இருந்தால் அதுதான் கண்டல் என்றே பேர் உள்ள மரம். அதன் காயைப் பாருங்கள், முருங்கைக்காய் போலப் பச்சையாக நீண்டு தொங்கும். அது உண்மையில் மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்று. விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்து போய் வேறு கரையில் வேர் பிடிக்கும்.

கண்ணா இலை ஒன்றைக் கைக்கு எட்டினால் திருப்பிப் பாருங்கள். காலையில் வெயில் ஏறும் நேரம் சின்னச் சின்ன உப்புப் பரல்கள் மினுங்கும். வேர் குடிக்கும் உவர்நீரில் இருந்து வந்த உப்பை இலை வெளியே தள்ளுகிறது. விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது இல்லை. ஆனால் ஒன்று: கண்ணாவை யாராவது தெரிந்தவர் அடையாளம் காட்டிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது.

அப்புறம் அசையாமல் பத்து நிமிடம் இருங்கள். போனவுடன் சேறு வெறுமையாகத்தான் இருக்கும். நிழல் அசைந்ததும் நண்டுகள் வளைக்குள் போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வளை வாயிலும் இரண்டு கண்கள் காம்பில் எழும்பும். பிறகு ஆண் நண்டு வெளியே வந்து தன் ஒற்றைப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பெண் நண்டை அழைக்கவும் மற்ற ஆண்களை விரட்டவும்தான் அந்த ஆட்டம். சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, சத்தை உறிஞ்சிவிட்டுச் சிறு உருண்டையாக்கிப் போடும். வளையைச் சுற்றி அந்த உருண்டைகள் கிடப்பதைப் பார்த்தாலே உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரியும். ஈரச் சேற்றில் துள்ளித் துள்ளித் தாவும் சின்ன மீனையும் காணலாம். அது தண்ணீருக்கு வெளியேயும் தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர்ப் பக்கம் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவிடும். கொக்கு, நாரை, மீன்கொத்தி எல்லாம் சாதாரணம். செம்பருந்து வட்டமிடும். கபரகொய்யா (உடும்பு போன்ற பெரிய பிராணி) ஒன்று வேருக்குள்ளால் ஊர்ந்து போனால் பதற வேண்டாம், அது உங்களை விட்டு விலகத்தான் பார்க்கும். காலையில் வலை எடுத்துவரும் மீனவர்களிடம் இறால், மணலை, களப்பு நண்டு இருக்கும். இவற்றில் பலவற்றின் குஞ்சுகள் இந்த வேர்களுக்கிடையில்தான் ஒளிந்து வளர்கின்றன. கரை ஒன்றில் கண்டலை வெட்டினால் அடுத்தடுத்த வருடங்களில் வலை இலேசாகும் என்பதை அவர்களே சொல்வார்கள்.

தொடக்கூடாதவை

தில்லை மரம். மட்டக்களப்பு வாவிக் கரையில் தாராளமாக உண்டு. இலையையோ கிளையையோ முறித்தால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து பார்வையே பாதிக்கப்படலாம், தோலில் பட்டால் கொப்பளிக்கும். நாற்காலியில் போகிறவரின் முகத்துக்கு நேரேதான் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தள்ளுபவர் கிளையை ஒடித்து வழி செய்யக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். பால் பட்டுவிட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரால் கழுவி, கண்ணென்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெயர் தெரியாத எந்த மரத்தையும் ஒடிக்காதீர்கள்.

கழுதைமுள்ளியின் இலை ஓரமெல்லாம் முள். கால்மிதியில் இருக்கும் வெறுங்காலைக் கீறிவிடும், உணர்ச்சியில்லாத காலென்றால் வீட்டுக்கு வந்துதான் தெரியும். முழுக்காற்சட்டை அதற்குத்தான். கிளைகளில் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு தெரிந்தால் அது முசிறு எறும்பின் கூடு, கடிக்கும், அடியில் நிற்க வேண்டாம்.

தோணி ஆசை வந்தால்

பாலமீன்மடுப் பக்கம் தோணியில் கண்டல் பார்க்கக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. நாற்காலி பாவிப்பவரும் போகலாம், ஆனால் முதல் பயணத்திலேயே வேண்டாம். அகலமான, முதுகு சாய இருக்கை உள்ள வள்ளமாக இருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத வள்ளத்தில் ஏறவே கூடாது. நாற்காலியோடு ஏற்றி, அதில் ஆளை இருத்திக் கட்டிவைப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வள்ளம் கவிழ்ந்தால் நாற்காலி அவரையும் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆளைத் தனியாக இருக்கைக்கு மாற்றி, நாற்காலியைக் கரையில் ஒருவரோடு விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

உப்புக் காற்றும் சேறும் நாற்காலியின் பெயாரிங்கைத் தின்றுவிடும். அன்றைக்கே நல்ல தண்ணீரால் சக்கரத்தையும் அச்சையும் துடைத்து, காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முன்சக்கரத்தில் சுற்றிய பாசியையும் நூலையும் எடுங்கள். இருந்தவரின் பிட்டம், குதிக்கால், முழங்கால் உள்பக்கம் ஆகியவற்றில் சிவப்புத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பென்றால் அந்த இடத்தில் அழுத்தம் படாமல் வைத்திருந்து, அது தணியாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு கடிதம்

தூண் தடுத்ததா, ஒரு படி மறித்ததா, மலசலகூடக் கதவு போதவில்லையா? அதை எழுதிக் கொடுங்கள். இது யாரும் இரக்கப்பட்டுச் செய்து தரும் விடயம் இல்லை. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம். பொது இடங்களுக்குள் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியும் இருக்கிறது. கடிதத்தில் இந்த மூன்றையும் குறிப்பிடுங்கள்.

நகர எல்லைக்குள் என்றால் மாநகர சபை ஆணையாளருக்கும், பிரதியைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் அனுப்பலாம். "வசதி இல்லை" என்று பொதுவாக எழுதாமல் அளவோடு எழுதுங்கள்: தூண்களுக்கிடையில் 70 சென்ரிமீற்றர்தான் இருக்கிறது, 90 வேண்டும், படி 15 சென்ரிமீற்றர், 180 சென்ரிமீற்றர் சாய்தளம் தேவை. முடிச்சுப் போட்ட கயிற்றைத் தூண்களுக்கிடையில் பிடித்தபடி எடுத்த படம் ஒன்றை இணையுங்கள். நாற்காலி பாவிப்பவரே கையெழுத்து வைக்கட்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் பிரதியோடு நேரில் போங்கள். அந்த அலுவலகத்துக்கும் படி மட்டும்தான் வழியென்றால், உத்தியோகத்தரைக் கீழே வந்து பேசச் சொல்லிக் கேளுங்கள், அந்தப் படியின் அளவையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.